கோச்சிக்கு ஒரு தனிவழி

சாரதியின்றித் தானே ஓடும் மோட்டார் வண்டிகளைப் பற்றிய செய்திகள் இந்நாளில் அடிக்கடி நம் செவிக்கு எட்டுகின்றன. யப்பான் தேசத்தில் சின்-தோமெய் என்னும் அதிவேக வீதியில், ஏறக்குறைய 100 கிலோமீற்றர் நீளத்துக்கு, இரவு வேளைகளில் ஒரு தடத்தைத் தானியங்கிப் பார வண்டிகளுக்கு முன்னுரிமைத் தடமாக ஒதுக்கி, 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பரீட்சையைத் தொடங்கினார்கள். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும், டெற்றோயிற் நகருக்கும் ஆன் ஆபர் நகருக்கும் இடையே இத்தகைய தடமொன்றை அமைக்குந் திட்டம் 2020 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இவ்வாறான திட்டம் எழுமிடமெல்லாம் சனங்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து வாதிடுகின்றார்கள். மனிதர் செலுத்தும் வண்டியும் பொறி செலுத்தும் வண்டியும் கலந்தோடினால் விபத்து நேரும், ஆதலால் தனித்தடமே தக்கது என்பது ஒரு கட்சி. எல்லாருடைய வரிப்பணத்தாலும் ஆன வீதியிற் சிலருடைய வண்டிக்கு மாத்திரம் பங்கு பிரித்துக் கொடுப்பது நீதியாகாது என்பது மறுகட்சி.

இதற்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நமது குச்சொழுங்கைகளிற் சாரதியில்லா வண்டிக்குத் தடம் ஒதுக்கப்போவதாக எவரும் இதுவரை சொல்லவில்லை. ஆயினும், புதிய வண்டியொன்று வந்து, “எனக்கெனத் தனிவழி வேண்டும், அதில் வேறெவரும் வரலாகாது” என்று கேட்பது நமக்குப் புதிய அனுபவமன்று. மாடுமின்றிக் குதிரையுமின்றித் தானே ஓடிய ஒரு வண்டி நம் முன்னோர் காலத்தில் அவ்வாறு கேட்டது. நம்மவர் அதை ஆவலோடு வரவேற்றார்கள். ஊர் வாயில் அதற்குக் கோச்சி என்று பெயர். ஏட்டிலே அது புகையிரதம். அந்தத் தனிவழியின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, இன்றைய வாதத்தில் நாம் எதைக் கேட்கவேண்டும் என்பதை அறிய உதவும்.

முதலிற் பழைய வீதிகளைப் பார்ப்போம். 1829 முதல் 1867 வரையுள்ள காலத்தின் பெரும்பகுதியில் வடபகுதி நிருவாகத்தைத் தம் கையில் வைத்திருந்தவர் டைக் துரை. அவருக்குப் பின், 1869 முதல் 1896 வரை அரசாங்க அதிபராய் இருந்தவர் துவைனம் துரை. குடாநாட்டின் வீதிகள் ஒழுங்குபெற்றது பெரும்பாலும் இவ்விருவர் காலத்திலேயாம். அவ்வீதிகள் யாருடைய உழைப்பால் ஆனவை என்பதையும் மறத்தலாகாது. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டப்படி, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்தல் வேண்டும், அன்றி அதற்கீடான பணத்தைச் செலுத்துதல் வேண்டும். விருப்பத்தோடு செய்த வேலையன்று அது. ஆயினும், தன் தோளாலோ தன் காசாலோ ஆன வீதி என்ற எண்ணம் அதனால் ஒவ்வொருவருக்கும் உண்டாயிற்று. அவ்வீதியில் மாட்டு வண்டிலும் போயிற்று, திருக்கலும் போயிற்று. புகையிலைப் பொதி சுமந்தவனும் போனான், ஆட்டு மந்தையும் போயிற்று, சுவாமி வீதியுலாவும் போயிற்று. விரைவாய்ப் போகிறவன் மெதுவாய்ப் போகிறவனுக்கு விலகிப் போவதே அங்கு வழக்கமாய் இருந்தது.

இன்னொரு வழக்கமும் நமக்குண்டு. யாழ்ப்பாணத்து உறுதிகளைப் படித்தவர்கள் அதை நன்கறிவார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டில், எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி முதுசமும் சீதனமுமாய்க் காணி துண்டு துண்டாகப் பிரிந்துவந்த நாடு இது. பரப்புக் கணக்கிலும் குழிக் கணக்கிலும் பிரிந்த காணியில் ஒவ்வொருவனுக்கும் தனித்தனிக் கிணறும் தனித்தனி வாயிலும் அமையமாட்டா. ஆகவே, காணியை எழுதும்பொழுதே கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் பாத்தியத்தையும் சேர்த்தெழுதுவார்கள். நிலம் ஒருவனுடையதாய் இருக்கும், அதனூடு நடந்து தன் வீட்டுக்குப் போகும் உரிமை மற்றொருவனுக்கு இருக்கும். நிலத்தின் உரிமை வேறு, வழியின் உரிமை வேறு என்ற நுட்பமான கருத்து நம் ஊரிற் கற்றவர் கல்லாதவர் எல்லார்க்கும் பழக்கமானது. வேலித் தகராறும் வழித் தகராறும் நம் நீதிமன்றங்களை நிரப்பியதும் இதன் பயனே.

இத்தகைய நாட்டுக்குத்தான் புகையிரதம் வந்தது. இலங்கையில் முதற் புகையிரதம் 1864 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. 1867 இல் அப்பாதை கண்டியை எட்டியது. கோப்பித் தோட்டங்களின் விளைவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருதலே அதன் முதல் நோக்கம். பின்னர்த் தேயிலை பெருகவே, பாதை 1885 இல் நானுஓயாவுக்கும் 1894 இற் பண்டாரவளைக்கும் ஏறிற்று. தெற்கே 1894 இற் காலியும் 1895 இல் மாத்தறையும் புகையிரதம் பெற்றன. வடக்கு நோக்கிய கிளையோ 1894 இற் குருநாகலோடு நின்றது.

எஞ்சியிருந்தது வடக்கே. யாழ்ப்பாணத்தவர் இதைப் பொறுத்திருக்கவில்லை. 1841 இற் தொடங்கிய உதயதாரகையும் 1889 இற் தொடங்கிய இந்துசாதனமும் போன்ற பத்திரிகைகள் அக்காலத்தில் எழுத்தறிந்தோர் கையில் இருந்தன. ஆங்கிலங் கற்று அரசாங்க உத்தியோகம் பெற்றுத் தென்னிலங்கைக்குச் சென்ற குடும்பங்கள் பல. அவர்கள் ஊருக்கு வந்துபோவது எப்படி? கடல்வழி கப்பலேறிச் சுற்றி வருதல் ஒன்று. காட்டுவழி மாட்டு வண்டியில் நாட்கணக்காய்ப் பயணஞ் செய்தல் மற்றொன்று. காட்டுவழியிற் காய்ச்சலும், தண்ணீர் முடையும், யானைப் பயமும் உண்டு. ஆகவே, புகையிரதம் வேண்டும் என்ற கோரிக்கை பொதுசன வாக்காய் எழுந்தது.

அதை மறுத்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அநுராதபுரத்துக்கும் ஆனையிறவுக்கும் இடையே கிடப்பது வன்னிக் காடு. குடிசனம் அரிது, விளைவு அரிது. அவ்வழியே இரும்புப் பாதை போட்டால் முதலாவது தேறுமா என்று அவர்கள் கேட்டார்கள். ஆதரித்தவர்களோ, பாதை போனபின் காடு களனியாகும், குளங்கள் திருத்தப்படும், குடிகள் சென்று ஏறுவார்கள் என்றார்கள். போடுவதாயின் 5 அடி 6 அங்குல அகலப் பாதையா, செலவு குறைந்த ஒடுங்கிய பாதையா என்ற வாதமும் அந்நாளில் நாடெங்கும் நடந்தது. களனிப் பள்ளத்தாக்குக்கு ஒடுங்கிய பாதை கிடைத்தது. சேர் வெஸ்ட் ரிட்ஜ்வே தேசாதிபதியாய் இருந்த காலத்தில், அதாவது 1896 இற்கும் 1903 இற்கும் இடையில், வடபாதை வேலை தொடங்கியபொழுது அதற்கு அகலப் பாதையே விதிக்கப்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். இருபுறத்து வாதங்களிலும் கொழும்புக்குப் போகிறவன் இருந்தான், வரவுசெலவுக் கணக்கு இருந்தது, காடு இருந்தது, வேகம் இருந்தது. பாதைக்குக் குறுக்கே நடந்து தன் தோட்டத்துக்குப் போகவேண்டியவனைப் பற்றிய பேச்சு அவ்வாதங்களின் நடுவில் இருக்கவில்லை. அவன் கொழும்புக்குப் போகிறவனல்லன், பத்திரிகைக்கு எழுதுகிறவனுமல்லன்.

வேலை தெற்கிலிருந்து மாத்திரமன்றி வடக்கிலிருந்தும் நடந்தது. 1902 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11 ஆந் திகதி, காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 21 மைல் நீளமான பாதை திறக்கப்பட்டது. தலைநகரோடு இணையாமல், குடாநாட்டுக்குள்ளேயே ஒரு சிறு புகையிரதப் பாதை சிலகாலம் தனித்து இயங்கியது விந்தையான காட்சியே. 1905 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகத்தராய் வந்த லெனாட் வுல்ஃப் என்னும் ஆங்கிலேயர், பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்றவர், தமது பயணத்தைச் சுயசரிதையில் விவரித்திருக்கின்றார். அவர் அநுராதபுரம் வரையும் புகையிரதத்தில் வந்தார். அங்கிருந்து ஆனையிறவு வரையும் தபால் வண்டியில் வந்தார். அந்தத் தபால் வண்டி உண்மையில் ஒரு பெரிய மாட்டு வண்டியேயன்றி வேறில்லை. ஆனையிறவில் மறுபடியும் புகையிரதம் ஏறினார். தனிவழி, பொதுவழி, மறுபடியும் தனிவழி என மூன்று துண்டாய் அமைந்த பயணம் அது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி இடைவெளி அடைபட்டது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நேரே வந்து சேர்ந்தது.

வுல்ஃப் துரையைப் பற்றி இன்னொரு செய்தி. அது நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், பெருந்தெருவில் வீடுகளின் முன்புறம் வீதியை அடைத்துக் கட்டப்பட்டுள்ளதா என்று பார்ப்பதற்காக அரசாங்க அதிபரோடு குதிரைமேற் சென்றார். அங்கே நின்று தமது சவுக்கை நீட்டி ஒரு வீட்டைச் சுட்டிக் காட்டினார். அத்தருணம் பின்னால் வண்டியிற் சென்ற ஊரறிந்த வழக்கறிஞர் ஒருவர், வேண்டுமென்றே துரை தமது முகத்திற் சவுக்கால் அடித்தார் என்று கொண்டார். தமிழர் சங்கத்தின் முறைப்பாடு தேசாதிபதி வரையும் போயிற்று. தாம் அடிக்கவில்லை என்றே வுல்ஃப் எழுதினார். எனினும், குதிரைமேலிருந்து வீதியை அளப்பவனுடைய கை, கீழே செல்பவனுக்கு எப்படித் தோன்றும் என்பதைத் தாம் அப்பொழுதுதான் உணரத் தொடங்கியதாகவும் அவருடைய எழுத்தாற் புலப்படுகின்றது. வீதியின் எல்லையைப் பற்றிய ஆராய்ச்சி மானப் பிரச்சினையாய் முடிந்தது. வீதி வெறும் மண்ணன்று என்பதை யாழ்ப்பாணத்துப் பொதுசன அபிப்பிராயம் அன்றே காட்டியது.

புகையிரதத்தால் வந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்லுதல் நன்றியின்மையாகும். ஏறக்குறைய 250 மைல் தூரம் ஒரு பகலில் அல்லது ஓரிரவில் அடங்கிற்று. கொழும்பில் இலிகிதராய் இருந்தவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, தேர் பார்த்து, மீண்டும் வேலைக்குப் போக முடிந்தது. தோட்டத்து விளைவும் மாம்பழமும் பனம் பண்டமும் தெற்கே போயின. கொடிகாமம், சாவகச்சேரி, கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என ஊர்தோறும் நிலையம் எழுந்தது. 1956 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் யாழ்தேவி என்னும் கடுகதி வண்டி ஓடத் தொடங்கியபின், அந்தப் பெயரே ஒரு குடும்பப் பெயர்போல வீடுதோறும் வழங்கலாயிற்று. அது வரும் நேரத்தை வைத்து உலை வைத்தோரும் உண்டு.

இவ்வளவு நன்மைக்கும் கொடுத்த விலை எங்கே செலுத்தப்பட்டது? கடவைகளில். பாதை நேராய்ப் போயிற்று; ஒழுங்கைகள் வளைந்து வளைந்து வந்து அதனைக் குறுக்கிட்டன. பரப்புக் கணக்கிற் பிரிந்த நாட்டில் நேராய் ஒரு கோடு கிழித்தால், வீடு ஒருபுறமும் கிணறு மறுபுறமும், வீடு ஒருபுறமும் கோயில் மறுபுறமும் ஆவது தவிர்க்கமுடியாதது. பெரிய வீதிகளிற் படலையும் காவலாளும் இருந்தார்கள். சிறிய ஒழுங்கைகளில் இருபுறமும் பார்த்துக் கடப்பது நடப்பவனுடைய பொறுப்பாயிற்று. பழைய வீதியில் விரைவாய்ப் போகிறவன் விலகினான். தனிவழியிலோ மெதுவாய்ப் போகிறவன் விலகவேண்டும். ஒழுங்கு தலைகீழானது. இதனைச் சட்டம் ஏற்றுக்கொண்டது, சனமும் பழகிக்கொண்டது.

இது நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 1830 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 15 ஆந் திகதி, இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கும் மன்செஸ்ரருக்கும் இடையிலான பாதை திறக்கப்பட்ட அன்றே, பாராளுமன்ற உறுப்பினரான ஹஸ்கிசன் என்பவர் தண்டவாளத்தில் இறங்கி நின்று, இயந்திரம் மோதி இறந்தார். வீதியில் ஓடிய நீராவி வண்டிகளுக்கு அந்நாட்டார் 1865 இல் வேறுவிதமான விதி செய்தார்கள். வண்டிக்கு முன்னே ஒருவன் செங்கொடி பிடித்து நடந்து போகவேண்டும், ஊருக்குள் மணிக்கு இரண்டு மைலுக்கு மேல் ஓடலாகாது என்பது அவ்விதி. பாரங்குறைந்த வண்டிகளுக்கு 1896 இலேயே அது நீங்கிற்று. இரு வழிகளும் அங்கே பரீட்சிக்கப்பட்டன: புதிய வண்டியைத் தனிவழியில் அடைப்பது ஒன்று, பொதுவழியில் விட்டு அதன் வேகத்தைக் கட்டுவது மற்றொன்று. முதலாவது வழியில் வண்டி விரைவு பெற்றது. இரண்டாவது வழியில் நடப்பவன் தன் பழைய உரிமையைக் காத்துக்கொண்டான், வண்டியோ முடங்கியது. இரண்டையும் ஒருங்கே பெறும் வழி எளிதிற் கிடைக்கவில்லை.

நம் தனிவழியின் வரலாற்றில் அடுத்த பகுதி துயரமானது. போர் மூண்டது. 1985 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்குள்ளாகிப் பலர் மாண்டனர். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு வடக்குக்கான புகையிரதச் சேவை அற்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. நிலையங்களின் கூரைகள் சிதைந்தன. இரும்பு போனபின் எஞ்சியது நீண்டதொரு வெற்று மேடு. அதில் ஒற்றையடிப் பாதை விழுந்தது. பின்னர்த் துவிச்சக்கர வண்டி ஓடியது. இடம்பெயர்ந்து வந்து போக்கிடமற்றோர் சிலர் அதன் ஓரத்திற் குடிசையும் போட்டார்கள். எண்பத்தைந்து ஆண்டு தனிவழியாய் இருந்த நிலம் ஒரே தலைமுறையில் மீண்டும் பொதுவழியாயிற்று.

அக்காலத்தில் ஒரு வழியின் அகலம் எத்தகைய விலையுடையது என்பதை நம் சனங்கள் கற்றுக்கொண்டார்கள். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறித் தென்மராட்சி நோக்கிப் போனார்கள். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமுமே போக்கு. மழையிலும் இருளிலும் முதியோரும் குழந்தைகளும் மாடு கன்றும் துவிச்சக்கர வண்டியும் உழவு இயந்திரமும் ஒரே வீதியில் அடி அடியாய் நகர்ந்த அந்த இரவை அனுபவித்தவர் இன்றும் நம்மிடை இருக்கின்றார்கள். அதன் பின்னரும் ஏ-9 எனப்படும் கண்டி வீதி 2002 ஏப்பிரிலில் திறப்பதும், 2006 ஓகஸ்டில் முகமாலையில் மூடப்படுவதும், போர் முடிந்த 2009 இன் பின் மறுபடி திறப்பதுமாய் இருந்தது. 2011 ஜனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின்பே தெற்கே செல்ல வேறொரு தரைவழி செவ்வையாய் அமைந்தது. இருக்கும் வழியே ஒன்றிரண்டாய் உள்ள குடாநாட்டில், அதன் அகலத்தில் ஒரு கூறை எவருக்கேனும் ஒதுக்குவதென்றால், ஒதுக்கும் முன் பலமுறை எண்ணவேண்டியிருக்கிறது.

பின்னர்ப் பாதை திரும்பி வந்தது. இந்தியாவின் கடனுதவியோடு, அந்நாட்டு அரசினர் நிறுவனமொன்று வடபாதையை மீளமைத்தது. 2013 செத்தெம்பரில் வண்டி கிளிநொச்சியை எட்டியது. 2014 மார்ச்சிற் பளையை எட்டியது. அதே ஆண்டு ஒக்டோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாணத்தை எட்டியது. 2015 ஜனவரியிற் காங்கேசன்துறையைத் தொட்டது. நிலையங்களிலே சனம் திரண்டது. கண்ணீர் விட்டோரும் உண்டு. 1905 இல் இருந்த ஆவலினும் இது பெரிது என்று சொல்லலாம், ஏனெனில் முன்னோர் அறியாததை வேண்டினர், இவர்கள் இழந்ததை மீளப்பெற்றனர்.

ஆயின், அந்த மகிழ்ச்சி அடங்குமுன்பே பழைய விலை மீண்டும் கேட்கப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டு வண்டியின்றிக் கிடந்த பாதையில், வண்டி வரும் என்ற பழக்கமே அற்ற ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. முன்னைய வண்டியிலும் புதிய வண்டி வேகமானது. காப்பாளரில்லாத கடவைகள் பல. அவற்றில் மனித உயிர்களும் கால்நடைகளும் மாண்ட செய்திகள் ஆண்டுதோறும் வந்தன. ஊரவர் பாதையை மறித்துப் படலை கேட்டார்கள். சில இடங்களில் மணியும் விளக்கும் வைத்தார்கள். சில இடங்களில் தற்காலிகக் காப்பாளரை அமர்த்தினார்கள். வெயிலிலும் மழையிலும் சிறு கூலிக்கு நின்ற அக்காப்பாளர், தமது தொழிலை நிரந்தரமாக்கும்படி போராடவேண்டியும் வந்தது. பல கோடி செலவிட்டு அமைத்த தனிவழியில், அதனைக் கடப்பவனைக் காக்க நிற்பவனுக்குரிய கூலி மாத்திரம் கணக்கிற் கடைசியாய் நின்றது. 1905 இல் விடுபட்ட பேச்சு 2014 இலும் விடுபட்டது என்பது இதனால் தெளிவாகும்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ரெம்பி நகரில், பரீட்சைக்காக ஓடிய தானியங்கி மோட்டார் வண்டியொன்று, துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு இரவில் வீதியைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. வண்டியில் மேற்பார்வையாளர் ஒருவர் அமர்ந்திருந்தும் அது தடுக்கப்படவில்லை. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார் பின்னர் ஆராய்ந்தபொழுது ஒரு செய்தி வெளிப்பட்டது. கடவையல்லாத இடத்திலும் மனிதர் வீதியைக் கடப்பார்கள் என்ற எண்ணத்துக்கே அந்தப் பொறியின் கணக்கில் இடமிருக்கவில்லை. ஆதலால், முன்னே இருப்பது வண்டியா, சைக்கிளா, இனந்தெரியாப் பொருளா என்று அது மாறிமாறிக் கருதியது. மனிதர் என்று கொள்ளவில்லை. நமது ஒழுங்கைகளிற் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதி கடக்காதவர் யார்? அந்த அம்மையார் நம் ஊரவரைப் போன்றவரே.

இதனைச் சொல்வது, தானியங்கி வண்டியே வேண்டாம் என்பதற்காக அன்று. மனிதச் சாரதி உறங்குவான், குடிப்பான், கோபிப்பான், பொறிக்கு இவையில்லை. வயது சென்றவர்களும் கண்பார்வை குறைந்தவர்களும் பிறர் தயவின்றிப் போய்வர அது உதவுமாயின், நன்மையே. கலப்பினால் வரும் ஆபத்தைத் தனித்தடம் குறைக்கும் என்பதும் பொய்யன்று. ஆயினும், தனித்தடம் என்பது வண்டிக்குக் கொடுக்கும் சலுகை மாத்திரமன்று. அங்கே பிறர் வாரார் என்ற உறுதியையும் அது வண்டிக்குக் கொடுக்கின்றது. அவ்வுறுதியை மீறி ஒருவர் வந்தால், பிழை அவர்மேற் சாரும். கோச்சிப் பாதையில் இறந்தவனைப் பற்றி, “பார்த்துக் கடந்திருக்க வேண்டும்” என்று நாமே சொல்லப் பழகியது நினைவிருக்கட்டும்.

தனிவழி என்ற கருத்தையே நம்மவர் வெறுக்கின்றார்கள் என்றுங் கொள்ளலாகாது. நல்லூரிலே ஆண்டுதோறும் 25 நாள் திருவிழா நடக்கின்றது. அந்நாட்களிற் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. வெறுங்காலோடு நடப்போரும், அடியழிப்போரும், அங்கப்பிரதட்சணஞ் செய்வோருமே அங்கு உரியவர். மோட்டார் வண்டிக்காரர் சுற்றுவழியாற் போகின்றார்கள். அதற்காக எவரும் பெரிதாய் முறையிடக் காணோம். ஏன்? அந்த ஒதுக்கீடு எல்லாரும் அறிய முன்கூட்டி அறிவிக்கப்படுகின்றது, அதற்குக் காலவெல்லை உண்டு, மாற்றுவழி காட்டப்படுகின்றது, இன்று சுற்றிப் போகிறவன் நாளை உள்ளே நடக்கிறவனாவான். பொதுவழியில் ஒரு பகுதியை ஒதுக்குவதற்குச் சனங்களுடைய மனமார்ந்த சம்மதம் எப்படிக் கிடைக்கும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஆகவே, நேயர்களே, சாரதியில்லா வண்டி நம் நாட்டுக்கும் ஒருநாள் வரலாம். அது பத்தாண்டிலோ முப்பதாண்டிலோ வருக. அன்று அதற்குத் தனித்தடம் வேண்டுமென்று கேட்போர் வருவார்கள்; அது எத்தனை நிமிடத்தை மிச்சப்படுத்தும் என்று கணக்குங் காட்டுவார்கள். அக்கணக்கை மறுக்கவேண்டியதில்லை. நம் முன்னோர் உறுதியெழுதும்பொழுது கடைப்பிடித்த முறையை மாத்திரம் நாம் கைவிடாதிருத்தல் வேண்டும். காணியை எழுதும் அதே தாளில், அதே நாளில், வழிவாய்க்கால் பாத்தியத்தையும் எழுதினார்கள். தனித்தடத்தைத் தீர்மானிக்கும் அதே கூட்டத்தில் நாமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நாங்கள் எங்கே கடப்பது, அங்கே எங்களைக் காப்பது யார், அவருக்குக் கூலி யார் கொடுப்பது? இதற்கு விடை கிடைத்தபின் தடம் அமையட்டும். கோச்சி வந்தபோது இக்கேள்வியைக் கேட்க நாம் மறந்தோம். அதன் விலையை ஒழுங்கை முகப்புகளில் இன்னும் கொடுத்து வருகின்றோம்.